நெஞ்செரிச்சலும் மதுவும்: வாசகர் கேள்விகளுக்கு இரைப்பை மருத்துவரின் பதில்கள்

ஹாட் அடித்தால்தான் நெஞ்சு எரியும் என்று நண்பர்கள் சொன்னதால் பீருக்கு மாறினேன் டாக்டர். இப்போது எரிச்சல் கூடிவிட்டது. ஏன்?

என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படி மாறிவிட்டுத்தான் வருகிறார்கள். பீர், ஒயின் போன்ற புளிக்கவைத்த பானங்கள் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைத்து இரைப்பை அமிலத்தைக் கூட்டும். புளிக்கும்போது அதில் உருவாகும் வேறு சில அமிலங்களுக்கும் இதில் பங்கு உண்டு. விஸ்கி, ஜின் போலக் காய்ச்சி வடித்தவை அமிலச் சுரப்பை அந்த அளவுக்குத் தூண்டுவதில்லை. போதாததற்கு ஒரு பாட்டில் பீர் என்பது 650 மில்லி. அத்தனையும் வாயுவோடு உள்ளே போய் வயிற்றை உப்ப வைக்கும். ஒவ்வொரு ஏப்பத்துக்கும் உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வு திறக்கும், கூடவே புளிப்பும் மேலே வரும்.

அதற்காக ஹாட்டுக்கே திரும்பிவிடாதீர்கள். எந்த மதுவானாலும் அந்த வால்வைத் தளர்த்தும், ஏறி வந்த அமிலத்தைக் கீழே தள்ளும் உணவுக்குழாயின் அசைவையும் மந்தமாக்கும். கடுமையான சரக்கை ராவாகக் குடித்தால் உட்சுவரே புண்படும். கோலா கலந்தால் பீரில் வந்த வாயு இதிலும் வந்துவிடும். எந்த பிராண்ட் ஒத்துக்கொள்ளும் என்று தேடுவது வீண் வேலை. எவ்வளவு, எத்தனை மணிக்கு, எதைத் தின்றுகொண்டு என்பதைப் பாருங்கள்.

சாயங்காலம் ஒரு பான்-40 போட்டுவிட்டுக் குடித்தால் ஒன்றும் தெரிவதில்லை. அப்படியே தொடரலாமா சார்?

ஒன்றும் தெரியாமல் போவதுதான் எனக்குக் கவலை. அந்த மாத்திரை அமிலம் சுரப்பதைக் குறைக்கும், வால்வை இறுக்காது. எதுக்களிப்பு நடந்துகொண்டேதான் இருக்கும், புளிப்பு குறைந்த நீர் மேலே வருவதால் எரிச்சல் மட்டும் தெரியாது. வலி இல்லையே என்று இன்னொரு ரவுண்டும் போகும். தவிர, காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, சில நாட்கள் தொடர்ந்து போட்டால்தான் அது முழுதாக வேலை செய்யும். பார்ட்டிக்கு முன்னால் போடுகிற காப்பு மாத்திரை அல்ல அது.

இதைவிட மோசம், மறுநாள் தலைவலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போடுவது. மதுவும் இந்த வலி மாத்திரைகளும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியலாம்.

என் வீட்டுக்காரர் குடித்துவிட்டுப் படுத்தால் நடுராத்திரியில் தொண்டையில் புளிப்பு ஏறி, இருமிக்கொண்டு எழுகிறார். என்ன செய்வது டாக்டர்?

உட்கார்ந்திருக்கும்போது ஏறி வந்தது தானாகக் கீழே இறங்கும். படுத்தால் இறங்காது. தூக்கத்தில் உமிழ்நீரும் குறைவு, விழுங்குவதும் குறைவு. போதைத் தூக்கத்தில் எரிச்சல் ஆளைச் சட்டென எழுப்புவதும் இல்லை. அமிலம் அங்கேயே கிடந்து புண்ணாக்கும், சில சமயம் மூச்சுக்குழாய்க்குள்ளும் போய்விடும்.

குடிப்பதும் சாப்பிடுவதும் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே முடியட்டும் என்று சொல்லிப் பாருங்கள் அம்மா. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும். இடது பக்கமாகப் படுப்பது நல்லது. பத்தரை மணிக்குச் சில்லி சிக்கனும் பரோட்டாவும் தின்றுவிட்டு உடனே படுப்பவருக்கு, மன்னிக்கவும், செங்கல்லும் உதவாது.

குடிக்கும் முன் வெண்ணெய் சாப்பிட்டால் வயிற்றுக்குப் பாதுகாப்பாமே?

போதை கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதமாக்கும், அது எதுக்களிப்பைக் கூட்டத்தான் செய்யும்.

ஒரு குவார்ட்டர் வரைக்கும் பரவாயில்லையா?

180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அது குறைந்த அளவே இல்லை தம்பி. எதுக்களிப்புக்கு இத்தனை மில்லி பாதுகாப்பு என்று கோடு போட்டுத் தர முடியாது. மூன்று நான்கு வாரம் அறவே விட்டுப் பாருங்கள், உங்கள் நெஞ்செரிச்சலில் மதுவின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஆனால் தினமும் குடித்து, காலையில் கை நடுங்குகிறவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள், மருந்து கொடுத்துப் பத்திரமாக நிறுத்த வைப்பார்கள்.

இது புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா?

பெரும்பாலானவர்களுக்கு விடாது. பல வருட எதுக்களிப்பால் சிலருக்கு உணவுக்குழாயின் கீழ்ப்பகுதித் திசு மாறி, அதில் ஒரு சிறு பங்கினருக்குப் புற்றாகிறது. மது வேறு வழியில் வருகிறது: நம் நாட்டில் அதிகம் காணப்படும் ஸ்குவாமஸ் வகை உணவுக்குழாய்ப் புற்றுக்கு அது நேரடிக் காரணங்களில் ஒன்று. பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. சோறு தொண்டைக்குக் கீழே சிக்கினாலோ, எடை தானாகக் குறைந்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ மாத்திரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். எண்டோஸ்கோப்பி பார்த்தே ஆக வேண்டும்.

நேற்று குடித்த பிறகு நெஞ்சு எரிந்தது, வியர்த்தும் கொட்டியது. ஈனோ குடித்தேன், சரியாகிவிட்டது. கேஸ்தானே?

அப்படி நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் முடிவு செய்யாதீர்கள். எரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், இடது கை அல்லது தாடை வலி வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். ஈனோவுக்குப் பிறகு அடங்கியது எதையும் நிரூபிக்காது. இதைப் படித்ததும் கிளம்பிப் போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள். மறுபடி வந்தால் 108-ஐ அழையுங்கள், பைக்கை எடுக்காதீர்கள்.