பாறையேற்றத்துக்குப் போக ஃபோர் வீல் டிரைவ்தான் வேண்டுமா?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள பூப்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நாங்கள் நான்கு நண்பர்கள். லீவு கிடைத்தால் கயிறும் ஹெல்மெட்டுமாகப் பாறையேறக் கிளம்பிவிடுவோம். சில சமயம் தேவிகுளம் பக்கம், சில சமயம் போடிக்கு இறங்கி அந்தப் பக்கம். பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கலாமா, சாதாரண வண்டியே போதுமா?"

நீங்கள் ஓட்டப்போவதில் பெரும்பகுதி தார் ரோடு. மலை மேலுள்ள போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்க 17 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே உங்களைக் காப்பாற்றுவது பிரேக்கும் டயரும்தான். தார் முடிந்து கல்லும் சேறுமாகிற கடைசி சில கிலோமீட்டருக்குத்தான் நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் தேவைப்படும். அதற்கு உள்ளூர் ஜீப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் போகிறார்கள். அந்தப் பாதையில் தினமும் ஓட்டுகிறவரின் கைப்பழக்கம் நமக்கு வராது.

அதனால் நான் சொல்வது, பின்சக்கரம் இழுக்கிற, கொஞ்சம் உயரமான வண்டி. பொலீரோ மாதிரி. ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும். இழுக்கிற சக்கரமும் அங்கேயே இருந்தால் பிடிமானம் கிடைக்கும். முன்சக்கரம் இழுக்கிற கார் ஈரமான செங்குத்து ஏற்றத்தில் சுற்றிக்கொண்டே நிற்பது இதனால்தான். தரையிலிருந்து பொலீரோவின் அடிப்பகுதி 180 மி.மீ. உயரம், ஸ்விஃப்ட் 163. எஸ்டேட் ரோட்டுக் கல்லில் இந்த வித்தியாசம் அடியில் இடிக்கும்போது தெரியும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியான ஜிம்னிக்கு 210 மி.மீ., கடினமான ஏற்றத்தில் மெதுவாக, வலுவாக இழுக்கும் லோ கியரும் உண்டு, அருமையான வண்டி. ஆனால் நான்கு பேர் உட்கார்ந்தால் டிக்கியில் மிஞ்சுவது 208 லிட்டர். உங்கள் பைகள் மடியில்தான் வரும்.

கயிற்றுப் பையை எங்கே வைப்பது என்பதையும் இப்போதே யோசியுங்கள். ராத்திரி லைட்டுக்கென்று டிக்கியில் தனி பேட்டரி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதன் பக்கத்தில் கயிற்றை வைக்காதீர்கள். பேட்டரி ஆசிட் நைலானை அரித்துவிடும். வெளியே கயிறு புதுசு போலவே தெரியும், ஒருவர் விழும் நேரத்தில் அறுந்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கயிற்றுக்கென்றே ஒதுக்குங்கள். கயிற்றில் ஆசிட் பட்டதாகச் சந்தேகம் வந்தாலே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், பழைய வண்டி பார்க்கும்போது டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் (ரோட்டில் படும் மேடுபள்ள வரிகள்) நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் மலை இறங்காதீர்கள். அதை மாற்றும் செலவை விலையிலேயே குறைத்துக் கேளுங்கள். பெரிய டயர், வெட்டிய பாடி என்று ஆர்.சி.யில் இல்லாத மாற்றங்கள் செய்த ஜீப் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதை அனுமதிப்பதில்லை, கேரளத்தில் சோதனையும் கடுமை.

ஓட்டிப் பார்ப்பதை நான்கு பேரும் ஏறிக்கொண்டு இறக்கத்தில் செய்யுங்கள். இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரல் கூடவே கூடாது. அடிவாரத்தில் நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். கால் மெத்தென்று உள்ளே போனால் மெக்கானிக்கிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.