மறைந்தவரின் குறிப்புகளிலிருந்து பிறந்த நாவல்கள்

கேள்வி: டாக் சாவேஜ் என்னும் கற்பனை நாயகனின் சாகச நாவல்களை எழுதிய கென்னத் ரோப்சன் யார்? அமெரிக்காவில் அவர் பெயரில் அண்மைக் காலத்திலும் நாவல்கள் வந்தது எப்படி?

பதில்: அது ஒரு தனி மனிதரின் பெயரன்று, நியூயார்க்கின் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் என்னும் பதிப்பு நிறுவனம் பல எழுத்தாளர்களுக்கும் பொதுவாக வைத்திருந்த புனைபெயர். 1933 முதல் 1949 வரை டாக் சாவேஜ் இதழில் வெளிவந்த 181 நாவல்களில் மிகப் பெரும்பாலானவற்றை எழுதியவர், மிசூரி மாநிலத்தில் பிறந்த லெஸ்டர் டென்ட். மாதம் ஒரு முழு நாவல் என்ற அந்தக் கடும் உழைப்புக்குரிய புகழைப் புனைபெயர் எடுத்துக்கொண்டது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

டென்ட் 1959இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கதைச்சுருக்கங்களையும் முற்றுப்பெறாத பகுதிகளையும் கொண்டு, 1991 முதல் வில் மர்ரி புதிய நாவல்களை எழுதினார். முதலில் பாண்டம் என்னும் பெரிய பதிப்பகம் அவற்றை வெளியிட்டது. 1993க்குப் பின் அது நின்றுபோக, 2011இல் ஆல்டஸ் பிரஸ் என்னும் சிறு பதிப்பகம் தொடரை மீண்டும் தொடங்கியது. அந்த நாவல்களின் அட்டையில் புனைபெயருடன் மர்ரி, டென்ட் ஆகிய இருவரின் பெயர்களும் இடம்பெற்றன. வாசகர் கூட்டம் சிறிதானாலும், தாம் நேசித்த நாயகனுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த மர்ரியை டென்டின் உண்மையான வாரிசாகவே நான் மதிக்கிறேன்.