சுவர்மேல் உட்காருதல் – வாசகர் கடிதம்

அன்புள்ள சார்,

நானும் கணவரும் ஜெர்மனியில் வேலை பார்க்கிறோம். கல்யாணமாகி இரண்டு வருஷம். செப்டம்பரில் இத்தாலியின் சிங்க்வே தெர்ரேவுக்குப் போனோம். கடலோரத்தில் ஐந்து ஊர்கள். ஒரே நாளில் ஐந்தையும் பார்த்துவிட வேண்டும் என்றார் அவர். எனக்கோ ஓர் ஊரில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அதில் சண்டை. கடைசியில் ரயிலில் ஏறி இறங்கி ஐந்தையும் பார்த்தோம். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. முன்பதிவு செய்யாததால், கடலோரப் பாறையை ஒட்டிப் போகும் ‘காதல் பாதை’ என்ற நடைபாதைக்குள் விடவில்லை. இயற்கை அள்ளிக் கொடுத்த இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்தில் ஒன்றான மனரோலாவுக்கு மேலே ஒரு திராட்சைத் தோட்டத்தில், போட்டோவுக்காக இவர் ஒரு சின்னக் கல் சுவரில் ஏறி உட்கார்ந்ததற்கு ஒரு பெரியவர் கத்தி விரட்டிவிட்டார். டூரிஸ்ட்டுகளால் பிழைக்கும் ஊரில் ஏன் இத்தனை கோபம்? அடுத்த வருஷம் இத்தாலியின் இன்னொரு கடற்கரையான அமால்ஃபி போகலாம் என்கிறார் கணவர். தம்பதியாகப் பயணம் போவது எப்படி என்று நீங்கள் எழுத வேண்டும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சண்டை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவரைக் குறைசொல்லி ஒரு வார்த்தை இல்லை. அதனால் உங்கள் இருவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. காதல் பாதையையும் விடுங்கள். 2012இல் பாறை சரிந்து நான்கு பயணிகள் காயப்பட்டு மூடிய வழி அது. 2024இல்தான் திறந்தார்கள். ஆளை எண்ணித்தான் விடுவார்கள், அப்படித்தான் விடவும் வேண்டும்.

எனக்குப் பொறுக்காதது அந்தச் சுவர். அழகான இடம் என்று நாம் சொல்கிறோமே, அந்த அழகை யார் செய்தது என்று கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

இயற்கை அள்ளிக் கொடுத்தது என்கிறீர்கள். அங்கே இயற்கை கொடுத்தது கடலையும், அதில் செங்குத்தாக இறங்கும் மலையையும்தான். நீங்கள் படம் எடுத்த பச்சைப் படிக்கட்டுகள் எல்லாம் ஊர்க்காரர்கள் செய்தவை. ஏறக்குறைய ஆயிரம் வருஷமாகச் சரிவை வெட்டி, கிடைத்த கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, பின்னால் மண் நிரப்பி, சில வரிசைத் திராட்சை நடும் அளவுக்குத் தட்டுத் தட்டாக நிலம் உண்டாக்கினார்கள். வழிகாட்டிகள் இதைச் சீனப் பெருஞ்சுவரோடு ஒப்பிடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அது அரசர்கள் ஆணையிட்டுக் கட்டியது. இது சோற்றுக்காகக் குடியானவர்கள் கட்டியது.

அந்தச் சுவரில் சுண்ணாம்பும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. மழைத் தண்ணீர் கல் இடுக்குகளில் வடிந்து போக வேண்டும். பூசி அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரையே தள்ளிவிடும். பெரிய கல் அடியில், முன்பக்கம் மலையை நோக்கிச் சற்றே சாய்வாக, பின்னால் சல்லிக்கல் நிரப்பு. கல்லின் எடையும் அடுக்கிய கையின் நேர்த்தியும்தான் அதைத் தாங்குகின்றன. மேல் வரிசையில் ஒரு கல் நகர்ந்தால் அங்கே மண் இறங்கத் தொடங்கும். அடுத்த மழையில் சுவர் பிதுங்கும், அதற்கடுத்த மழையில் விழும். எழுபது கிலோ ஆள் ஏறி உட்கார்ந்தால் அந்தப் பெரியவர் கத்தாமல் என்ன செய்வார்?

நானும் என் மனைவியும் ஐந்தில் இன்னொன்றான கோர்னீல்யாவிலிருந்து, மலைமேல் இருக்கும் வோலாஸ்த்ரா என்ற சிற்றூர் வழியாக மனரோலாவுக்கு நடந்திருக்கிறோம். பாதை திராட்சைக் கொடிகளுக்கு நடுவிலேயே போகும். ஓரிடத்தில் சுவர் உடைந்து வாய் பிளந்திருந்தது. வயதான கணவனும் மனைவியும் அதை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு கல்லை எடுப்பார், திருப்பித் திருப்பிப் பார்ப்பார், வைப்பார், ஆடினால் எடுத்துவிடுவார். அந்த அம்மா வாளியில் சல்லிக்கல் கொண்டுவந்து பின்னால் கொட்டுவார். பேச்சே இல்லை. அடுத்த கல் எது என்று அந்த அம்மா கண்ணாலேயே காட்டினார். என் மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து நாங்கள் கிளம்பும்போதும் அந்த உடைப்பு பாதிதான் அடைந்திருந்தது.

1997இல் யுனெஸ்கோ அந்தக் கரையை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. 2018இல் இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் இந்தக் கல்லடுக்கும் கலையையும் தன் பட்டியலில் சேர்த்தது. சரி, கௌரவம்தான். ஆனால் கட்ட ஆள் வேண்டுமே? 1870களில் ரயில் வந்தது. நீங்கள் ஏறி இறங்கிய அதே பாதைதான். பக்கத்து லா ஸ்பேட்சியாவில் கடற்படைத் தளமும் கப்பல் பட்டறையும் வந்தன. மாதச் சம்பளம் இருக்கும்போது முதுகில் கூடையைச் சுமந்து மலையேற யாருக்கு மனம் வரும்? தோட்டம் தோட்டமாகக் கைவிட்டார்கள். இன்று அந்த மலைத் தட்டுகளில் பெரும்பாலானவற்றில் புதர்தான்.

அதன் விலை 2011 அக்டோபர் 25இல் தெரிந்தது. சில மணி நேரம் கொட்டிய மழையில் மலை இறங்கி வந்தது. மண்சரிவுகள் நிறைய நடந்தது, ஆளில்லாமல் விட்ட தட்டுகளில்தான். ஐந்தில் ஒன்றான வெர்னாட்சாவின் முக்கியத் தெருவுக்கு அடியில் ஓடை மூடிய கால்வாயாக ஓடுகிறது. அதுவும் தாங்கவில்லை. கடைகளின் முதல் மாடி மட்டத்துக்குச் சேறு ஏறியது. அங்கே மூன்று பேர் இறந்தார்கள், பக்கத்து ஊரான மோன்தெரோஸ்ஸோவில் ஒருவர். நீங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கக்கூடிய தெரு அது. மேலே ஒரு சுவர் நின்றால்தான் கீழே ஒரு தெரு நிற்கும். அந்தப் பெரியவருக்கு இது தெரியும். ‘டூரிஸ்ட்டுகளால் பிழைக்கும் ஊர்’ என்று தயவுசெய்து இனி எழுதாதீர்கள். அவர் சுவரால்தான் டூரிஸ்ட்டுகள் வருகிறார்கள்.

எல்லா ஊரும் ஒன்றுபோல் இருந்ததாம். ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறை, படகுத்துறையிலிருந்து ரயில் நிலையம் என்று நடந்தால் வேறெப்படி இருக்கும்? கோர்னீல்யாவுக்குக் கடற்கரையில் துறையே இல்லை, பாறை உச்சியில் இருக்கிறது. ஏறக்குறைய 380 படி ஏறியிருந்தால் முழங்காலாவது வித்தியாசத்தைச் சொல்லியிருக்கும். நீங்கள் போனது திராட்சை அறுவடை மாதம். சரிவில் ஒற்றைத் தண்டவாளத்தில் கூடைகளை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி வண்டி ஊர்ந்து போகுமே, பார்த்தீர்களா? அந்தப் பழத்தில் ஒரு பகுதியை நிழலில் வாரக்கணக்கில் உலர்த்தி, காம்பிலிருந்து கையால் உதிர்த்து ஷாக்கெத்ரா என்ற இனிப்பு ஒயின் செய்கிறார்கள். கொஞ்சம்தான் தேறும். ஒரு சின்னக் கோப்பை வாங்கி இருவரும் பகிர்ந்து குடித்திருக்கலாம்.

அமால்ஃபிக்குப் போங்கள். அங்கேயும் கல் சுவர்த் தட்டுகள்தான், எலுமிச்சைக்கு. ஆகஸ்ட் வேண்டாம், மே மாதம் நல்லது. அந்தக் கரையிலுள்ள மாயோரியிலோ மினோரியிலோ அறை எடுங்கள். இரண்டுக்கும் நடுவே எலுமிச்சைத் தோட்டங்கள் வழியாக ஒரு பழைய பாதை இருக்கிறது. அவர் நடக்கட்டும், நீங்கள் நடுவழியில் உட்காருங்கள். பாதையோரப் படியில், சுவரில் இல்லை. திரும்பி வரும்போது உங்களைக் கூட்டிக்கொண்டு போவார்.

அன்புடன்.