வாசகர் கேள்விகள்: பொழுது சாய்ந்த பிறகு மின்சாரம்

கேள்வி: ஹோர்முஸ் நீரிணையில் பதற்றம் என்று செய்தி வந்தாலே பெட்ரோல் விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சமையல் எரிவாயுவுக்கும் ஆபத்து உண்டா?
– தூத்துக்குடி வாசகி

பதில்: பெட்ரோலைவிட அதற்குத்தான் ஆபத்து அதிகம். ஈரானுக்கும் ஓமானுக்கும் இடையிலுள்ள அந்த நீரிணை மிகவும் குறுகும் இடத்தில் அகலம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். கப்பல்கள் போகவும் வரவும் ஒதுக்கியுள்ள தடங்கள் தலா 3 கிலோமீட்டர் அளவே. 2024-இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய், அதாவது உலகம் செலவிடுவதில் ஐந்தில் ஒரு பங்கு, இந்த வழியாகச் சென்றது. கச்சா எண்ணெய்க்கு ஓரளவு மாற்று உண்டு. சவூதி அரேபியாவிலிருந்து செங்கடல் கரையிலுள்ள யான்புவுக்குக் குழாய் போகிறது. 2022-க்கு முன் நம் இறக்குமதியில் பெயரளவுக்கே இருந்த ரஷ்ய எண்ணெய், இரண்டே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை எட்டியதையும் பார்த்தோம்.

எல்பிஜிக்கு அவ்வளவு எளிதில் வேறு கடை கிடைக்காது. இந்தியா ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் பயன்படுத்துகிறது; அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு இறக்குமதி, அந்த இறக்குமதியில் பெரும்பகுதி கத்தார், அமீரகம், சவூதி, குவைத் ஆகிய நாடுகளிலிருந்து வருகிறது. விசாகப்பட்டினத்தில் கடலோரப் பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடிக் கிடங்கு 60,000 டன் கொள்ளும். நாட்டின் ஒருநாள் தேவையோ 80,000 டன்னைத் தாண்டுகிறது. ஆகவே உங்கள் வீட்டு மூலையில் நிற்கும் இரண்டாவது சிலிண்டரையும் நாட்டின் கையிருப்பில் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.

கேள்வி: நிலக்கரியை உலகம் கைவிடப்போவதாக மாநாடுதோறும் சொல்கிறார்களே, எப்போது?
– நெய்வேலி வாசகர்

பதில்: மாநாட்டுத் தீர்மானங்களில் வினைச்சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2021-இல் கிளாஸ்கோவில் கூடிய ஐ.நா. பருவநிலை மாநாட்டில் நிலக்கரியை ‘ஒழிப்பது’ என்றிருந்த வாசகம் இந்தியா வற்புறுத்தியதால் கடைசி நேரத்தில் ‘குறைப்பது’ என்று மாறியது. 2023-இல் துபாயில் புதைபடிவ எரிபொருள்களிலிருந்து ‘விலகிச் செல்வது’ என்று எழுதினார்கள். ஆண்டு எதுவும் குறிக்கப்படவில்லை. உங்கள் ஊர்ச் சுரங்கம் நாளைக்கே மூடப்படாது.

கேள்வி: ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு என்று எங்கு பார்த்தாலும் காற்றாலை, கமுதியில் சூரிய மின்நிலையம். இவ்வளவு இருந்தும் மாலையில் வெளியிலிருந்து மின்சாரம் வாங்குவதாகச் சொல்கிறார்களே, ஏன்?
– கோவில்பட்டி வாசகர்

பதில்: ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருசக்கர வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், காற்று வண்டியையே சாலையோரத்துக்குத் தள்ளும். கார்த்திகையில் அதே வழியாகப் பேருந்தில் போனால் பெரும்பாலான இறக்கைகள் அசையாமல் நிற்பதைக் காணலாம். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் பயன்படுவது மே முதல் செப்டம்பர் வரையிலான சீசனில்தான். சூரிய மின்சாரத்துக்கு ஆண்டு முழுவதும் சீசன் உண்டு என்றாலும் நாள்தோறும் மாலை அது விடைபெற்றுக்கொள்கிறது. வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும், கோடையானால் ஏசியும், ஓட ஆரம்பிப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

நிலக்கரிக்கு நாம் கொடுத்துவந்த விலையில் வெப்பத்துக்கான விலை மட்டுமல்ல, காத்திருப்பதற்கான விலையும் அடங்கியிருந்தது என்பதை இப்போதுதான் உணர்கிறோம். கரி யார்டில் குவிந்து கிடக்கும். வேண்டும்போது அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். வெயிலை அப்படிக் குவித்து வைக்க முடியாது. அதற்கான குவியலை நாமே கட்டியாக வேண்டும். 2024 மே மாதத்தில் மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அப்போது நம்மிடம் இயங்கிய பெரிய ‘குவியல்’ கோவை மாவட்டத்து ஆனைமலையில் உள்ள காடம்பாறை மட்டுமே, 400 மெகாவாட். 1980-களில் கட்டியது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ்மட்டத்தில் உள்ள அப்பர் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே விட்டுச் சுழலிகளைச் சுற்றுகிறார்கள். நான்கு யூனிட் செலவழித்தால் ஏறக்குறைய மூன்று திரும்பக் கிடைக்கும். இழப்புதான், ஆயினும், பட்டப்பகலில் வாங்க ஆளில்லாமல் போகும் யூனிட்டைக் கொடுத்து இரவு எட்டு மணி யூனிட்டை வாங்குவது நல்ல வியாபாரம் என்றே நான் சொல்வேன்.

பேட்டரியாலும் இது முடியும். கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரலில் ஒரு மாலைவேளையில், மின்தொகுப்புக்கு மின்சாரம் அளித்த ஆதாரங்களிலேயே பெரியதாகப் பேட்டரிகள் சிறிது நேரம் இருந்தன. நாம் சூரியத் தகடுகளுக்கு விழா எடுத்த வேகத்தில் சேமிப்புக்கு எடுக்கவில்லை என்பதே என் குறை.

கேள்வி: 2025 பிப்ரவரியில் இலங்கை முழுவதும் இருண்டதற்குக் குரங்கு காரணம் என்றார்கள். பிறகு சூரிய மின்சாரம் என்றார்கள். எதை நம்புவது?
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: இரண்டையும் நம்பலாம். பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியைத் தொட்டுவிட்டது. வழக்கமான வேலைநாளாக இருந்திருந்தால் அமைப்பு அதைத் தாங்கியிருக்கக்கூடும். அன்று விடுமுறையானதால் தேவை குறைவு. வெயிலோ கடுமை, எனவே உற்பத்தியில் பெரும்பங்கு சூரியத் தகடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. குயவர் தண்டால் உந்திவிட்ட கனத்த சக்கரம், தண்டை எடுத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும் அல்லவா? அனல், நீர் மின்நிலையங்களின் கனத்த சுழலிகளும் அதிர்ச்சி ஏற்படும்போது அவ்வாறே சில விநாடி அவகாசம் தருகின்றன. சூரியத் தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. அந்த அவகாசம் கிடைக்காமல் நாடே அணைந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் அணைத்து வைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. எரிபொருளுக்காக நாள் கணக்கில் வரிசையில் நின்று, பிறகு கியூஆர் குறியீட்டுக்கு அளந்து வாங்கிய 2022-ஐ மறக்காத உங்களுக்கு இந்த வேண்டுகோள் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

கேள்வி: அரபு நாடுகளை நம்பியிருந்தோம், இனிச் சீனாவை நம்ப வேண்டும். இதில் என்ன விடுதலை?
– சேலம் வாசகர்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. சூரியத் தகட்டுத் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 விழுக்காட்டுக்கு மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2022-இல் கணக்கிட்டது. 2025 ஏப்ரலில் அந்நாடு ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, மோட்டாருக்கான காந்தம் கிடைக்காமல் இங்குள்ள வாகனத் தொழில் தவித்தது. எனினும் இரண்டு சார்புகளும் ஒன்றல்ல. எண்ணெய்க் கப்பல் வராவிட்டால் சில வாரங்களில் வண்டி நிற்கும். தகட்டுக் கப்பல் வராவிட்டால் புதிதாகப் பதிப்பதுதான் நிற்கும், ஏற்கெனவே பதித்தவை இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மின்சாரம் தந்துகொண்டிருக்கும். முன்னது மாதச் சாமான், பின்னது வாங்கிப் போட்ட கிரைண்டர்.

கேள்வி: எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் இண்டக்ஷன் அடுப்பு வாங்கலாமா?
– மதுரை வாசகி

பதில்: வாங்கலாம், ஆனால் கேஸ் அடுப்பைக் கைவிடாமல். 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள ஆற்றல் சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். சுடர் பக்கவாட்டில் வீணாவதால், அந்தச் சிலிண்டரில் ஆகும் சமையல் இண்டக்ஷனில் ஏறத்தாழ 120 யூனிட்டில் முடிந்துவிடும். முடிந்தால் குழம்பையும் பருப்பையும் நண்பகலிலேயே அதில் வைத்துவிடுங்கள். இரவுத் தோசைக்குக் கேஸே இருக்கட்டும். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினிய இட்லிக் கொப்பரை அதில் சூடேறாது.