டென்வர் காற்றும் லாரி வாக்கரும் – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

போன மாதம் கனடா விளையாட்டுக்காரர்களைப் பற்றி எழுதியபோது பேஸ்பால் ஆட்டக்காரர் லாரி வாக்கரை "எல்லா வேலையும் தெரிந்த அவுட்ஃபீல்டர்" (மைதானத்தில் பின்னால் தள்ளி நிற்கும் ஃபீல்டர்) என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் டொராண்டோ பக்கத்து மிசிசாகாவில் இருக்கிறேன். பையன் பேஸ்பால் ஆடுகிறான், அவன் புண்ணியத்தில் எனக்கும் ஆட்டம் கொஞ்சம் புரிகிறது. என் சந்தேகம் இதுதான். வாக்கர் கிட்டத்தட்ட பத்து சீசன் டென்வரில் ஆடியவர். அது ஒரு மைல் உயரத்தில் இருக்கிற ஊர், அங்கே யார் அடித்தாலும் பந்து பறக்கும் என்கிறார்கள். அந்த ஊர் மைதானத்தில் அவருடைய மட்டையடிச் சராசரி .381 (ஆயிரத்துக்கு 381 முறை சரியாக அடித்திருக்கிறார்). அப்படியென்றால் ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பால் ஜாம்பவான்களின் கௌரவப் பட்டியல்), ஓட்டெடுப்பில் அவருக்கு இருந்த கடைசி வருடம் பார்த்து அவரைச் சேர்த்தது இரக்கம்தானே? இன்னொரு விஷயம், பிட்சர் (பந்து வீசுபவர்) ஃபெர்கி ஜென்கின்ஸ்தான் கனடாவின் பெரிய ஆள் என்று பையன் என்னோடு தினமும் சண்டை போடுகிறான். அதற்கும் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

காற்று விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மைதான். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று மழுப்புகிற வாக்கர் ரசிகர்களோடு எனக்கு ஒத்துவராது. டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் மேல்தட்டில் ஒரே ஒரு வரிசை இருக்கைக்கு மட்டும் ஊதா நிறம் அடித்திருப்பார்கள், சரியாக 5,280 அடி, அதாவது ஒரு மைல் உயரம் அந்த வரிசை. அந்த உயரத்தில் காற்று லேசு, அடித்த பந்துக்குத் தடை குறைவு, தூரம் போகும். இதை எல்லோரும் சொல்வார்கள். பலர் விட்டுவிடுவது என்னவென்றால், பிட்சர் சுழற்றிவிடும் பந்து வளைவதற்கும் காற்றுதான் வேண்டும், காற்று லேசானால் அந்த வளைவும் குறைந்துவிடும். போதாததற்கு, பந்து பறக்கிறதே என்று வேலியைத் தள்ளிப் போட்டு மைதானத்தைப் பெரிதாகக் கட்டினார்கள், அதனால் நடுவில் ஆளில்லாத பொட்டல் அதிகமாகி, அரைகுறையாகப் பட்ட அடிகூட அங்கே போய் விழுந்தது. 2002-ல் பந்துகளை ஈரப்பதம் உள்ள அறையில் வைத்து எடுக்க ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. வாக்கர் நேஷனல் லீக்கில் (இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்று) அதிகச் சராசரிக்கான பேட்டிங் பட்டம் வாங்கிய மூன்று வருடங்களும் (1998-ல் .363, 1999-ல் .379, 2001-ல் .350) அதற்கு முந்தையவை. பத்துக்கு மூன்று அடித்தாலே நல்ல ஆட்டக்காரர் என்கிற விளையாட்டு இது, ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் .379 என்றால் கொஞ்சம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். வெளியூர் மைதானங்களில் அவருடைய மொத்தச் சராசரி .278. நல்ல கணக்கு, ஆனால் வாயைப் பிளக்க வைக்கிற கணக்கு இல்லை.

ஆனால் 1997-ஐ என்ன செய்வீர்கள்? அந்த வருடம் அவர் .366 அடித்தார், 49 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி), அதோடு 33 பேஸ் திருட்டு (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). நேஷனல் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது கிடைத்தது, அதை வாங்கிய முதல் கனடாக்காரர் அவர்தான். அந்த 49-ல் 29 ஹோம் ரன்கள் டென்வருக்கு வெளியே, கடல்மட்டத்துக்குப் பக்கத்து ஊர்களில் எல்லாம் அடித்தவை. சொந்த ஊரில் அடித்தது 20தான். வெளியூர்ச் சராசரி .346. காற்று என்ன, அவரோடு விமானத்தில் கூடவே போனதா?

டென்வருக்குப் போவதற்கு முன்பே அவர் ஆள்தான். 1994-ல் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியில், மலையும் இல்லாமல் மண்ணும் இல்லாமல், கூரை போட்ட செயற்கைப்புல் மைதானத்தைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு .322 அடித்தார். அந்த வருடத்தைப் பற்றிப் பேசினாலே எனக்கு வயிறு எரியும். 74 வெற்றி, 40 தோல்வி, மொத்த பேஸ்பாலிலும் முதலிடம். ரைட் ஃபீல்டில் வாக்கர், சென்டரில் மார்க்கீஸ் கிரிஸம், லெஃப்டில் மொய்சஸ் அலூ, பந்து வீச இளம் பெட்ரோ மார்ட்டினஸ், மேனேஜர் மொய்சஸின் அப்பா ஃபெலிப்பே அலூ. ஆகஸ்ட் 12-ல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம், அப்புறம் சாம்பியனைத் தீர்மானிக்கிற உலகத் தொடரையே ரத்து செய்துவிட்டார்கள். அடுத்த வசந்தத்தில் காசு இல்லை என்று அணியையே கலைத்துப்போட்டது நிர்வாகம். கிரிஸமை வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்தார்கள், வாக்கரைத் தக்கவைக்க முயற்சிகூடப் பெரிதாக இல்லை. கனடா அணியில் ஆடிய கனடாக்காரர் அப்படித்தான் டென்வரின் கொலராடோ அணிக்குப் போனார். மலைக்காற்று வேண்டும் என்று தேடிக்கொண்டு போனவர் இல்லை. அந்த மான்ட்ரியல் அணியும் பத்தே வருடத்தில் ஊரை விட்டே போய் வாஷிங்டன் அணி ஆகிவிட்டது.

சரி, மட்டையை விடுங்கள். நான் "எல்லா வேலையும்" என்று எழுதியது மட்டையை மனதில் வைத்து இல்லை. ரைட் ஃபீல்டர் நிற்பது நம் கிரிக்கெட்டில் டீப் எக்ஸ்ட்ரா கவர் மாதிரி தள்ளி ஒரு இடத்தில், அங்கே பந்து போய்விட்டால் மட்டையடித்தவர் முதல் பேஸைச் சாவகாசமாக எட்டிவிடலாம், யாரும் அவசரப்படுவதில்லை. 1992-ல் டோனி ஃபெர்னாண்டஸ் (உங்கள் டொராண்டோ அணியில் முன்னும் பின்னும் ஆடியவர், அப்போது சான் டியேகோவில் இருந்தார்) ரைட் ஃபீல்டுக்கு நல்ல சுத்தமான அடி ஒன்று அடித்துவிட்டு ஓடினார். வாக்கர் பாய்ந்து வந்து பொறுக்கி அங்கிருந்தே முதல் பேஸுக்கு எறிந்தார், ஆள் அவுட். அந்தக் கைக்கும் காலுக்கும்தான் ஏழு கோல்டு கிளவுஸ் (சிறந்த ஃபீல்டருக்கான விருது). மொத்தம் 230 பேஸ் திருட்டு, அதுவும் மிரட்டுகிற வேகம் இல்லாத ஆள், பிட்சரின் தோளைப் பார்த்தே எப்போது கிளம்பலாம் என்று கணக்குப் போடுகிறவர். இதற்கெல்லாம் எந்த ஊர்க் காற்றும் உதவாது.

இத்தனைக்கும் அவர் சின்ன வயதில் இந்த விளையாட்டைச் சரியாக ஆடியதே இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மேப்பிள் ரிட்ஜ் என்கிற ஊர், 1966-ல் பிறப்பு, ஐஸ் ஹாக்கி கோலியாகும் ஆசை. ரெஜைனாவின் ஜூனியர் ஹாக்கி அணித் தேர்வில் எடுபடவில்லை. சஸ்காச்சுவானின் கிண்டர்ஸ்லியில் நடந்த இளைஞர் போட்டியில் அவரைப் பார்த்துவிட்டு மான்ட்ரியல்காரர்கள் 1984-ல் 1,500 டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து ஆட்டம் ஆடிப் பழகிய பையனை நேராக நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் கீழ்நிலை லீக் அணியில் போட்டார்கள். அங்கே ஒரு நாள் முதல் பேஸிலிருந்து கிளம்பி, இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார், அதற்குள் அடித்த பந்தைப் பிடித்துவிட்டார்கள், திரும்பிப் போ என்று கத்துகிறார்கள். போன வழியே இரண்டாவதைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது விதி. இவர் குறுக்குவழியாக, பிட்சர் நிற்கும் மேட்டின் மேலேயே ஏறி இறங்கி, நேராக முதல் பேஸுக்குப் போய் நின்றார். அவுட் என்றதும் இவருக்குப் புரியவே இல்லை, அதைத்தான் போகும்போதே தொட்டுவிட்டேனே என்பது அவர் நியாயம். அந்த சீசனில் சராசரி .223. மட்டையடியைப் பயிற்சியில் ஏற்றிவிடலாம், ஆனால் விதியே தெரியாமல் வந்த ஒருத்தர் பிறகு அந்தத் தலைமுறையின் சாமர்த்தியமான பேஸ் ஓட்டக்காரர்களில் ஒருவராக ஆனது எப்படி என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

விளையாட்டுத்தனமும் நிறைய. 1997-ல் இரண்டு லீக்கின் நட்சத்திரங்களும் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் பிட்சர் ராண்டி ஜான்சன் வேண்டுமென்றே தலைக்கு மேலே ஒரு பந்தைப் பறக்கவிட்டார், இருவரும் கீழ்நிலை அணியில் ஒன்றாக ஆடியவர்கள். வாக்கர் ஹெல்மெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, இடக்கை ஆட்டக்காரர் வலக்கைப் பக்கம் போய் நின்றுவிட்டார், மைதானமே சிரித்தது. மூன்று என்ற எண் மேல் பைத்தியம் வேறு. சட்டை எண் 33, கல்யாணம் நவம்பர் 3-ம் தேதி 3:33 மணிக்கு. நம்மூர் எண்கணிதக்காரர்கள் கையில் சிக்கியிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே வாக்கரைக் குறை சொல்ல வேண்டும் என்றால் காற்றைப் பிடிக்காதீர்கள், வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். அவர் அதிகபட்சம் ஆடியது அதே 1997-ல், 153. பதினேழு சீசனில் 140-ஐத் தாண்டியதே நான்கு முறைதான். 1988 முழுவதும் முழங்கால் போய் வீட்டில். 1996-ல் வேலியில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்து 83 ஆட்டம், 2000-ல் 87. பட்டம் வாங்கிய 1999-லேயே 127தான். வேலியைப் பார்க்காமல் ஓடுகிற சுபாவம்தான் அவருக்கு கோல்டு கிளவுஸும் வாங்கிக் கொடுத்தது, ஆளைப் படுக்கவும் வைத்தது. 383 ஹோம் ரன், 2,160 ஹிட் என்று நின்றுபோனது அதனால்தான். 400, 3,000 மாதிரி முழு எண்ணைப் பார்த்தே ஓட்டுப் போட்டுப் பழகிய பத்திரிகையாளர்களுக்கு அது போதவில்லை. காற்றைக் காரணமாகச் சொல்வது அவர்களுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

இரக்கமா என்று கேட்டீர்கள். 2011-ல் 20 சதவீத ஓட்டில் ஆரம்பித்து 2014-ல் 10 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார். அந்த வருடமே பதினைந்து வருட வாய்ப்பைப் பத்தாகக் குறைத்தார்கள், அதாவது அவருக்கு இருந்த ஐந்து வருடம் போச்சு. 2019-ல் 54.6. கடைசி வருடம் 76.6, தேவை 75. 397 பேரில் 304 பேர் போட்டார்கள், வேண்டிய எண்ணிக்கைக்கு ஆறு ஓட்டு கூட. இரக்கத்தில் இவ்வளவு பேர் ஒரே வருடத்தில் மனம் மாற மாட்டார்கள். மைதானத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடும் முறைகள் பரவலாகி, இளம் எழுத்தாளர்கள் அதைப் படித்து ஓட்டுப் போட்டார்கள். கழித்த பிறகும் அவர் நின்றார், அதுதான் விஷயம். அவரே அன்று காலை, கிடைக்காது போலிருக்கிறது என்று ட்விட்டரில் எழுதிவிட்டு ஸ்பாஞ்ச்பாப் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த வருடத் தேர்வோடு ஹால் ஆஃப் ஃபேமில் மொத்த உறுப்பினர்கள் 333.

பையன் விஷயம். ஒருவர் பிட்சர், ஒருவர் அவுட்ஃபீல்டர், ஒப்பிடவே கூடாது என்று நழுவலாம், ஆனால் தீர்ப்பு கேட்டுவிட்டீர்கள். பையன் பக்கம்தான். ஒன்டாரியோ சாத்தமில் பிறந்த ஜென்கின்ஸ் 1967 முதல் 1972 வரை ஒரு வருடம் விடாமல் இருபது வெற்றி எடுத்தவர். மொத்தம் 284 வெற்றி, 3,192 ஸ்ட்ரைக் அவுட், ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் தப்பான பந்துகள் வீசி இலவசமாக பேஸுக்கு அனுப்பியவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. 4,500 இன்னிங்ஸ் வீசியவர் அவர். அவர் முறை வந்த நாளில் அவர் வந்து நின்றார். வாக்கரிடம் எனக்கு இருக்கிற ஒரே மனத்தாங்கல் அதுதான், அது ஜென்கின்ஸிடம் இல்லை.

ஆனால் பையன் ரைட் ஃபீல்டில் ஆடுகிறான் என்றால் வாக்கர் எறிகிற வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள். ஜென்கின்ஸிடம் அது கிடைக்காது.