நாற்றழுகலுக்கு ஊற்றிய மருந்து ஏன் கேட்கவில்லை?

கேள்வி: மிளகாய் நாற்றங்காலில் நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்கின்றன. பூஞ்சை நோய் என்று கடையில் கார்பன்டசிம் கொடுத்தார்கள். இரண்டு முறை ஊற்றியும் நிற்கவில்லை. பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள், "அது பூஞ்சையே இல்லப்பா, புரோட்டிஸ்ட்" என்கிறாள். அவள் சொல்வது சரியா? நான் எதை ஊற்றுவது?

பதில்: மகள் சொல்வது பெரும்பாலும் சரி. ஈரம் மிகுந்த நாற்றங்காலில் தண்டின் அடி நீர்கோத்து மெலிந்து நாற்று சாய்ந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பித்தியம் என்ற உயிரியை. பார்வைக்கு அது பூஞ்சை போலத்தான் இருக்கும். வெள்ளை இழையாகப் படரும், வித்து விடும். தாவர நோயியல் படித்தவர்களே நெடுங்காலம் அதைப் பூஞ்சைப் பட்டியலில்தான் வைத்திருந்தார்கள்.

உள்ளே பார்த்தால் வேறு கதை. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கும். பித்தியத்தின் சுவரில் முக்கியமானவை செல்லுலோஸும் குளுக்கானும். பூஞ்சை தன் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டீராலைத் தானே தயாரிக்கும். ஹெக்சகோனசோல், டெபுகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் தடுப்பது அந்தத் தயாரிப்பைத்தான். பித்தியத்தில் அந்த வேலையே நடப்பதில்லை, அப்புறம் எதைத் தடுப்பது? கார்பன்டசிம் பூஞ்சையின் செல் பிரிவதை நிறுத்தும், பித்தியத்தை ஒன்றும் செய்யாது. இன்னொரு சங்கடமும் உண்டு. பித்தியத்தைத் தின்று அடக்கும் டிரைக்கோடெர்மா அசல் பூஞ்சை. கார்பன்டசிம் பட்டால் அது செத்துவிடும். நீங்கள் ஊற்றிய மருந்து மண்ணில் உங்களுக்குத் துணையாக இருந்ததை அழித்திருக்கலாம்.

சரி, புரோட்டிஸ்ட் என்றால் என்ன? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் எந்த அலமாரியிலும் அடங்காத சாமானைப் பரண்மேல் ஏற்றிவைப்போம் இல்லையா, அப்படிப்பட்ட ஒரு பெயர் அது. ஜெர்மன் உயிரியலாளர் எர்னஸ்ட் ஹெக்கல் 1866-இல் 'புரோட்டிஸ்டா' என்று உயிரினங்களில் ஓர் உலகத்தைப் பிரித்தார். அமெரிக்கச் சூழலியலாளர் விட்டேக்கர் 1969-இல் தந்த ஐந்து உலக வகைப்பாட்டிலும் அது இடம்பெற்றது. செல்லுக்குள் உட்கரு உண்டு. ஆனால் விலங்கும் இல்லை, செடியும் இல்லை, பூஞ்சையும் இல்லை என்றால் புரோட்டிஸ்ட். இன்னதாக இல்லை என்பதை வைத்து அமைந்த கூட்டம் இது. அதனால் அதில் இருப்பவை எல்லாம் ஒன்றுக்கொன்று உறவு என்று நினைத்துவிடக் கூடாது.

மரபணுக்களை ஒப்பிடத் தொடங்கியதும் பரணைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அமீபா ஒரு கிளையில் போயிற்று. யூக்ளினா, ஆப்பிரிக்கத் தூக்க நோயைத் தரும் டிரிப்பனசோமாவுக்கு உறவாக வேறொரு கிளையில். சிவப்புப் பாசியும் பச்சைப் பாசியும் செடிகளோடு. டயாட்டம், பழுப்புப் பாசி, பாரமீசியம், மலேரியாக் கிருமி எல்லாம் இன்னொரு பெருங்கிளையில் சேர்ந்தன. நம் பித்தியமும் அங்கேதான், பழுப்புப் பாசிக்குப் பக்கத்தில். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் கடலில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் சிவப்புப் பாசி, அது செடிகளின் சொந்தம். பக்கத்து மன்னார் வளைகுடாவில் வளரும் சர்காசம் பழுப்புப் பாசி, அது பித்தியத்தின் சொந்தம். நீரில் நீந்தும் பித்திய வித்துக்கு நீந்த உதவும் வால் போன்ற இரண்டு கசையிழைகள் உண்டு. அவற்றில் ஒன்றில் நுண்மயிர் வரிசை இருக்கும். பழுப்புப் பாசியின் நீந்தும் செல்களிலும் அதே அமைப்பைக் காணலாம். பூஞ்சையோ விலங்குகளின் கிளையில் இருக்கிறது. உறவுமுறைப்படி காளான் பித்தியத்தைவிட நமக்குத்தான் நெருக்கம்!

இந்த உறவெல்லாம் புத்தகத்தோடு நிற்பதில்லை. மலேரியாக் கிருமிக்குள், பாசி மூதாதையிடமிருந்து வந்த பசுங்கணிகத்தின் மிச்சம் இன்றும் இருக்கிறது. பாக்டீரியா மருந்தான டாக்சிசைக்ளின் மலேரியாவுக்கும் பயன்படுவது அந்த மிச்சத்தைத் தாக்குவதால்தான். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த பைட்டோப்தோராவும் பித்தியத்தின் நெருங்கிய உறவே. திராட்சையில் வரும் அடிச்சாம்பல் நோயும் இதே வகை.

இனி உங்கள் நாற்றங்கால். காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மண் நனைய ஊற்றுங்கள். கட்டுப்படாவிட்டால் மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் கலந்த மருந்தை உறையில் சொன்ன அளவில் ஊற்றலாம். மெட்டலாக்சிலை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டால் பித்தியம் அதற்குப் பழகிவிடும். மருந்தைவிட முக்கியம் தண்ணீர். அந்த வித்துகள் நீந்தித்தான் வேரைத் தேடிப் போகும், அதனால் மேட்டுப்பாத்தி போட்டு, நெருக்கி விதைக்காமல், அளவாக நீர் விடுங்கள். அடுத்த முறை விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதையுங்கள். அதோடு கார்பன்டசிம் சேர்க்க வேண்டாம்.

தேர்வில் மகள் பாடநூலில் உள்ள ஐந்து உலக வகைப்பாட்டையே எழுதட்டும்.

இன்னொன்று, ரைசோக்டோனியா என்ற அசல் பூஞ்சையும் இதேபோல் நாற்றைச் சாய்க்கும். அழுகிய நாற்று ஒன்றை ஈரத்தாளில் சுற்றி மகளின் பள்ளி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். இழையில் குறுக்குச் சுவர் தெரியாவிட்டால் பித்தியமாக இருக்க வாய்ப்பு அதிகம். குறுக்குச் சுவரும், ஏறக்குறைய செங்கோணத்தில் பிரியும் கிளைகளும் தெரிந்தால் ரைசோக்டோனியா. அதற்கு மெட்டலாக்சில் கேட்காது.