ஊசி போட்டால் கண் பாதிக்குமா?

கேள்வி: நர்சம்மாவுக்கு வணக்கம். கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லயனில் இருக்கிறோம். என் பெண் குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் பக்கத்து லயனில் ஒரு பையனுக்கு இந்த ஊசி போட்ட இரண்டே வாரத்தில் மாறுகண் வந்துவிட்டது. இது கண் நரம்பைப் பாதிக்கும் என்று வாட்ஸ்அப்பிலும் வந்தது. மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார். என்ன செய்யட்டும்? (பெயர் போட வேண்டாம்.)

பதில்: ஊசி போடுங்கள் அம்மா. பிள்ளையின் கண்ணை நினைத்துத்தான் தயங்குகிறீர்கள். அந்தக் கண்ணுக்காகவே போடச் சொல்கிறேன்.

1988-இல், நான் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு லயன் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு மணல்வாரி, அதாவது தட்டம்மை. ஒரு வாரம் ஆகியிருந்தது. வாசலில் வேப்பிலை. ஜன்னலைக் கம்பளியால் மூடி, உள்ளே ஒரே இருட்டு. குழந்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கண்ணைத் திறக்கவே இல்லை. யாரோ சொன்னார்கள் என்று பச்சிலைச் சாறு விட்டிருந்தார்கள். இமையோரம் பச்சையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆறவைத்த வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து இமையை மெல்லப் பிரித்தேன். இடது கருவிழியின் நடுவில் அரிசிக் குருணை அளவு வெள்ளை. ஜீப் பிடித்துக் கீழே கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மறுநாள் ஆகிவிட்டது. வலது கண் தப்பியது. இடது கண்ணில் விழுந்த பூ விழுந்ததுதான். அந்தக் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட்டிருக்கவில்லை. அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்ததே 1985-இல்தான்.

தட்டம்மை கண்ணை நேராகவே தாக்கும். கூடவே உடம்பில் இருக்கிற வைட்டமின் ஏ-யையும் குறைத்துவிடும். அப்போது கருவிழி உலர்ந்து புண்ணாகி, ஆறும்போது வெண்மையாகத் தழும்பு கட்டும். சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் நடக்கும். ஒன்பது மாத ஊசியோடு, எண்ணெய்ப் பசையாக ஒரு சிரப் 1 மில்லி ஊற்றுவார்களே, அதுதான் வைட்டமின் ஏ. வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

ரூபெல்லா குழந்தையைப் பெரிதாக வாட்டாது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு வந்தால்தான் ஆபத்து. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு எல்லாம் வரலாம். 1941-இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களை விசாரித்து இதைக் கண்டுபிடித்தார். உங்கள் பெண் வளர்ந்து அவளுக்கும் ஒரு குழந்தை வரும் இல்லையா, அந்தக் குழந்தையின் கண்ணுக்கும் சேர்த்துத்தான் இந்த ஊசி.

சரி, ஊசியால் ஒன்றுமே வராதா? வரும். போட்ட இடத்தில் வலி இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலோ லேசான தடிப்போ வரலாம். காய்ச்சலில் வலிப்பு வருவது அபூர்வம். கடுமையான ஒவ்வாமை அதைவிட அபூர்வம். அதைக் கவனிக்கத்தான் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள். கண் நரம்பு வீக்கம், கண்ணுக்குள் அழற்சி என்று தடுப்பூசிகளுக்குப் பிறகு வந்ததாக மிக அரிதாகப் பதிவாகியிருக்கிறது, மறைக்க மாட்டேன். அவற்றிலும் ஊசிதான் காரணம் என்று பெரும்பாலும் உறுதியானதில்லை. ஊசி போட்டபின் கண் சிவந்து வலித்தாலோ, பார்வை மங்கின மாதிரி தெரிந்தாலோ செவிலியரிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குள் எல்லாருக்கும் இந்த ஊசி போட ஆரம்பித்தபோதும் இப்படித்தான் வாட்ஸ்அப்பில் பரவியது. அப்போது ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் மதியம் வரை நின்று அம்மாக்களிடம் பேசினேன். பயந்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் பயப்படவில்லை. உங்கள் மாமியாரும் அப்படித்தான். அவர் மீது கோபப்படாமல் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம் அந்தப் பையன். எனக்கு அவன் கவலைதான் பெரிதாக இருக்கிறது. மாறுகண் பல குழந்தைகளுக்குக் கண்ணில் படுவதே இந்த வயதில்தான். உட்கார்ந்து, கையில் இருக்கிற பொருளை உற்றுப் பார்க்க ஆரம்பிக்கும்போது விழி ஒதுங்குவது நமக்குத் தெரியவரும். ஊசியும் அதே வயதில் வருவதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். சில குழந்தைகளுக்கு மூக்குத் தண்டு தட்டையாக இருப்பதால் மாறுகண் போலத் தெரியும், உண்மையில் இருக்காது. டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் இரண்டு கண்ணிலும் வெளிச்சப் புள்ளி ஒரே இடத்தில் விழ வேண்டும். விலகி விழுந்தால் மாறுகண்தான். இரண்டு, மூன்று மாதக் குழந்தைக்கு விழி அலையலாம், பத்து மாதத்தில் அலையக் கூடாது.

எது எப்படியானாலும் கண் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடும், பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. கண் பாப்பாவில், அதாவது கருவிழி நடுவில் இருக்கிற கறுப்பு வட்டத்தில், வெள்ளையாக ஏதாவது மின்னினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கண்புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் கட்டியாகவும் இருக்கலாம்.

வருகிற புதன்கிழமை தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். அன்றைக்கே அந்தப் பையனின் அம்மாவையும் கூட்டிப்போய், கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி செவிலியரிடம் கேளுங்கள். ஊசியைத் திட்டிக்கொண்டே அவர் வீட்டில் இருந்துவிட்டால், பையனுக்கு நாள் போய்க்கொண்டே இருக்கும்.